ஆமை புகுந்த வீடு

ஆமை என்று பெயர் வைத்தது
வியாசர்பாடிப் பிள்ளைகள்,
கணேசபுரம் சுரங்கப்பாதை வெள்ளத்தில்
ஏழு பேரை முதுகில் ஏற்றிக்கொண்டு
நான் நடந்து வந்த இரவில்.
நான் வைத்திருந்த பெயர் வேறு.
வடமொழியில் கம்பீரமாக இருந்தது,
ஒருவர் வாயிலும் நுழையவில்லை.

கவசம் பிறந்தது அம்பத்தூர் எஸ்டேட்டில்,
லேத் பட்டறைக்கும் பிஸ்கட் கம்பெனிக்கும் நடுவே
ஒரு தகரக் கூரையின் கீழ்.
ஆறு வருஷம், மூன்று லோன்.
அதற்கு உயிர் என்று ஒன்று உண்டென்றால்
முழங்கால்தான்:
சுமையை எலும்பில் விடாமல்
எண்ணெயில் இறக்கி, எண்ணெயிலிருந்து தரைக்கு அனுப்பும்
ஒரு வால்வு. சுண்டைக்காய் அளவு.

அதைத்தான் எபனேசர் எடுத்துக்கொண்டு போனான்.
வெல்டிங் கண்ணாடி, டிபன் கேரியர், பென் டிரைவ்.
முதல் இரண்டும் அவனுடையவை.

பிறகு ஊரெல்லாம் என் முழங்கால்கள்.
சௌகார்பேட்டையில் நகைக்கடைக் கதவை
உதைத்துத் திறந்தது ஒன்று.
ஈஞ்சம்பாக்கத்து மாளிகை வாசலில்
இரண்டு காவலாளிகள்
என் மூட்டில் உட்கார்ந்து, எழுந்து, உட்கார்ந்து
போரடித்துக் கிடந்தார்கள்.
ரிச்சி ஸ்ட்ரீட்டில் வால்வு மட்டும் தனியாக,
சார்ஜருக்கும் இயர்போனுக்கும் இடையில்
செய்தித்தாளில் குவித்து வைத்து.
"ஒரிஜினலா?" என்றேன்.
"ஒரிஜினலைவிட நல்லா ஓடும் மேடம்."

கணக்கெடுத்தேன். நாற்பத்தொன்று.
என் கட்டைவிரலில் ஒரு பொத்தான் இருக்கிறது;
அழுத்தினால் பத்தடிக்குள் எந்த நகலும் கல்லாகும்.
நாற்பது முறை அழுத்தினேன்.
மடிப்பாக்கத்தில் ஒருவன் மாடிப்படியில் பாதியில் நின்றான்.
தண்டையார்பேட்டையில் ஜெயசீலி
எந்தக் கதவையும் உதைக்கவில்லை.
லாரித் தண்ணீர், இரண்டாம் மாடி, இடுப்பில் குடம்.
அழுத்தினேன்.
குடம் உருண்ட சத்தம்
மூன்று கட்டம் தள்ளியும் கேட்டுக்கொண்டிருந்தது.
"ஆமை புகுந்த வீடும்" என்று ஆரம்பித்தாள் மாமியார்,
"அமீனா புகுந்த வீடும்..."
முடிக்கவில்லை.
இரண்டும் ஒரே ஆளாக வந்து நிற்பதை
அப்போதுதான் பார்த்தாள்.

கடைசி ஒன்று கோயம்பேட்டில்.
விடியற்காலை மூன்று மணி, வெங்காய லாரி.
மலைக்கொழுந்து கைலியை மடித்துக் கட்டியிருந்தார்,
மூட்டு வெளியே தெரிந்தது:
பழைய ஸ்கூட்டர் தகடு, பாதி நீலம், பாதி துரு.
மூட்டின் மேல் மனிதன், மனிதன் மேல் இரண்டு மூட்டை.
அழுத்தினேன்.
அவர் நடந்தார்.
இன்னொரு தடவை அழுத்தினேன்.
மூட்டைகளை இறக்கிவிட்டு என்னிடம் வந்து
"என்னம்மா, எண்ணெய் ஒழுகுது" என்றார்.

என் இடது கால். முதல் நாளிலிருந்தே ஒழுகுவது.
யாரிடமும் சொன்னதில்லை.
படம் போடுகிறவர்கள் அதை நிழலாகத் தீட்டிவிடுவார்கள்.

"உள்ளே வாசர் போடணும். சைக்கிள் டியூப்ல வெட்டினது.
அந்தச் சிப்பு கிப்பு எல்லாம்
நான் பிடுங்கிப் போட்டுட்டேன், வெட்டி கனம்."

முட்டைக்கோஸ் இலைகள் மேல் உட்கார்ந்தேன்.
ஆறு வருஷமும் மூன்று லோனும்
அவர் மடியில் காலை நீட்டிக்கொண்டிருந்தன.
பல்லால் டியூபை இழுத்துப் பிடித்து
கத்தரியால் வட்டமாக வெட்டினார்.
வட்டம் சரியாக வரவில்லை. சரியாகப் பொருந்தியது.

இருபது ரூபாய் கேட்டார்.
கவசத்தில் பாக்கெட் கிடையாது.
"இவ்வளவு செஞ்சவங்க அதை யோசிக்கலையா?"

பாடி மேம்பாலம் ஏறும்போது
இடது கால் சத்தமே போடவில்லை.
அந்த அமைதி என்னுடையதல்ல.
பட்டியலில் நாற்பத்தொன்றை அடித்துவிட்டு
நாற்பத்திரண்டு என்று என் பெயரை எழுதினேன்,
ஆமை என்றே.

விடிந்ததும் இருபது ரூபாய் கொடுக்க வேண்டும்.
தண்டையார்பேட்டைக்கு ஒரு குடம், ஒரு வால்வு.
கவசத்தைக் கழற்றிவைத்துவிட்டுப் போகலாம்.
வாசலோடு நின்றுகொள்ளலாம்,
உள்ளே போக வேண்டாம்.